நீ அனுப்பிய பாட்டில்

கோபிச்செட்டிபாளையம்
ஞாயிறு, பொழுதோட

கண்ணு,

நீ அனுப்பிய பார்சல் போன வாரம் புதன்கிழமையே வந்துவிட்டது. ஸ்வெட்டர் எனக்குச் சரியாக இருக்கிறது, அம்மாவுக்குக் கொஞ்சம் தொளதொளப்பு. சாக்லேட்டைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் அன்றைக்கே முடித்துவிட்டார்கள். அந்த ஆன்டிஆக்ஸிடன்ட் சத்து மாத்திரை பாட்டில் இரண்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் "நீங்க பழைய ஆளுப்பா" என்று சிரித்துவிட்டு வைத்துவிடுவாய்.

சனிக்கிழமை நான் கண்ணாடி போட்டு லேபிளைப் படிப்பதற்குள் அம்மா நாளுக்கு ஒன்றாக நான்கு விழுங்கியிருந்தாள். பையன் அனுப்பியதாம், வீணாகப் போகக் கூடாதாம். லேபிளில் வைட்டமின் ஈ 400 யூனிட் என்று இருந்தது. எனக்குப் பகீரென்றது. இதய வால்வு மாற்றியதிலிருந்து அவள் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறாள் இல்லையா? வைட்டமின் ஈ-யும் அளவு கூடினால் ரத்தத்தை உறைய விடாது. இரண்டும் சேர்ந்தால் எங்காவது கசிய ஆரம்பிக்கலாம். முருங்கைக்கீரையைக்கூட ஒரு நாள் அள்ளி, ஒரு நாள் கிள்ளிச் சாப்பிடாமல் ஒரே அளவாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கும் உடம்பு அது. திங்களன்று வெள்ளெனக் கிளம்பிக் கோயமுத்தூர் போய், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் சோதனை பார்த்தோம். நல்லவேளை, வழக்கமான அளவில்தான் இருந்தது. டாக்டர் திட்டவில்லை. "முப்பது வருசம் மெடிக்கல் வெச்சிருந்தவர் வீட்லயேவா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலாம்.

அவர் கேட்டதில் தப்பில்லை. இதே மாதிரி டப்பாக்களைக் கண்ணாடி அலமாரியில் முன்வரிசையில் அடுக்கி விற்றவன்தான் நான். லாபம் நன்றாக இருக்கும், சீட்டும் கேட்க வேண்டியதில்லை. காய்கறி, பழம் நிறையத் தின்பவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக இருக்கிறது, அதற்குள் இருக்கும் சரக்கை மாத்திரையாக்கினால் போதும் என்று எல்லோரும் நம்பிய காலம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் சோதித்தார்கள். 1994-இல் முடிவு வந்தது. கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் என்ற சத்தை மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல். அமெரிக்காவிலும் அதேபோல ஒரு சோதனை. அங்கே 28 சதவீதம் கூடியதைப் பார்த்து 1996-இல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். நீ அனுப்பிய பாட்டிலில் முதல் பெயரே பீட்டா கரோட்டின்தான். நான் இருபத்தைந்து வருசம் பீடி குடித்தவன். விட்டுவிட்டவர்களுக்கு ஆபத்து அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அதை என் நெஞ்சில் வைத்தா சோதித்துப் பார்க்க வேண்டும்?

அப்புறம் உன் விஷயம். தினமும் ஓடிவிட்டு வந்து நீயும் இதைத்தான் போடுவதாகச் சொன்னாய். நீ ஓட ஆரம்பித்ததே அப்பாருக்கும் எனக்கும் வந்த சர்க்கரை உனக்கு வந்துவிடக் கூடாது என்றுதானே? 2009-இல் ஜெர்மனியில் இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்யவைத்துப் பார்த்தார்கள். மாத்திரை இல்லாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது. வைட்டமின் சி 1000 மில்லிகிராமும் ஈ 400 யூனிட்டும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஓடும்போது உடம்பில் உண்டாகும் ஃப்ரீ ராடிக்கல், அதாவது இந்த மாத்திரை அடக்கப் பார்க்கிற துடுக்கான மூலக்கூறு, எல்லாமே எதிரி இல்லை. "வேலை கூடியிருக்கிறது, நீயும் தயாராகு" என்று தசைக்குச் சேதி சொல்வதும் அதுதான். நீ மூச்சு வாங்க ஓடிவிட்டு, அந்தச் சேதியை மாத்திரை போட்டு அமுக்கிவிடுகிறாய்.

மாத்திரையே ஆகாது என்று சொல்ல வரவில்லை. உன் பெரிய மாமாவுக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது என்று கண் டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பதும் இந்த ரகம்தான். வைட்டமின் சி, ஈ, துத்தநாகம் எல்லாம் சேர்ந்தது. அந்த நோய் நடுக்கட்டத்தில் இருப்பவர்களுக்கு முற்றிப் போவது நாலில் ஒரு பங்கு குறைகிறது என்று 2001-லேயே காட்டிவிட்டார்கள். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம். அதிலும் முன்பு இருந்த பீட்டா கரோட்டினைப் பிற்பாடு எடுத்துவிட்டு லூட்டின் என்ற வேறொரு சத்தைச் சேர்த்துவிட்டார்கள். மாமா வேளை தவறாமல் சாப்பிடட்டும். உனக்கு என்ன நோய், எந்தக் குறை? ரத்தம் சோதித்து ஏதாவது குறைவு என்று அங்கே டாக்டர் சொன்னால் அதை மட்டும் சாப்பிடு. சும்மா போடாதே.

அம்மா வருத்தப்படாதே என்று எழுதச் சொல்கிறாள். நீ ஆசையாக அனுப்பியது எங்களுக்குத் தெரியாதா, சாமி? அடுத்த தடவை அந்தப் பணத்தில் ஒரு நல்ல டார்ச் லைட் அனுப்பு, ராத்திரி தண்ணி கட்டப் போக ஆகும். பாரியூர் நோம்பிக்கு வர முடியுமா என்பதை முன்கூட்டியே சொல். ஒறம்பரை எல்லாம் உன்னைத்தான் கேட்கிறார்கள்.

பாட்டில் இரண்டையும் அம்மா மாத்திரையைக் கொட்டிவிட்டுக் கழுவிக் காயவைத்திருக்கிறாள். மூடி நல்ல இறுக்கமாம். ஒன்றில் பெருங்காயம், ஒன்றில் ஏலக்காய்.

அப்பா