ஞாயிறு வேலைக்கு வருபவர்கள் கவனத்துக்கு

நண்பர்களுக்கு வணக்கம். ஞாயிறு காலை மாருதி ஜென், எஸ்டீம் எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியே பெட்ரோல் போகும்) வண்டிகளில், இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்கிறோம். ஒன்று மட்டும் கட்டாயம்: பெட்ரோல் லைனில் கை வைக்கும் முன் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். அப்புறம் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, இன்ஜின் ஆறட்டும். லைனுக்குள் சுமார் 3 பார் அழுத்தம் இருக்கும். சூட்டில் பீய்ச்சினால் தீப்பிடித்துவிடும்.

இப்போது பங்கில் போடும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் ஹோஸை வளைத்துப் பாருங்கள். மேலே பொடி வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடலாம். கார்புரேட்டர் வண்டிக்கான ஹோஸ் இந்த அழுத்தத்தைத் தாங்காது. ஆர்9 (இன்ஜெக்டர் வண்டிக்கான ஹோஸ் தரம்) என்று அச்சிட்டதையே வாங்குங்கள். இன்ஜெக்டரில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான பழைய ஓ-ரிங்கைத் திரும்பப் போடவே வேண்டாம்.

ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்குகிறதா? ஈசியூவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மாற்றும் முன், இன்ஜினின் உறிஞ்சு விசை செல்லும் வேக்கம் ஹோஸ்களைப் பாருங்கள், பல நேரம் அங்கேதான் வெடிப்பு வழியே வெளிக்காற்றை இழுக்கும். தீயணைப்பான் வைத்திருப்பவர்கள் அவசியம் எடுத்து வாருங்கள்.