முதுகில் தண்ணீர்த் தாங்கியோடு வந்து யன்னல் கழுவுவது ஏன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சோளகக் காற்று தொடங்கிவிட்டால் ஏ9 வீதியோரக் கடைகளிலும் உள் ஒழுங்கைகளில் இருக்கிற வீடுகளிலும் கண்ணாடி எல்லாம் செம்மண் நிறமாகிவிடும். எங்களைக் கூப்பிடுகிறவர்களும் அந்த நாட்களில்தான் கூட. வருகிற பெடியன்களின் முதுகில் தாங்கியைக் கண்டதும், "தம்பி, இது வயலுக்கு மருந்தடிக்கிற மெசின்தானே?" என்று கேட்கிறீர்கள். வேலை முடிந்ததும், "துடைக்காமல் ஈரத்தோட விட்டிட்டுப் போறீங்களே" என்கிறீர்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். வாசலில் நின்று அவசரமாகப் பதில் சொல்வதை விட ஆறுதலாக எழுதித் தருவது நல்லது என்று நினைத்தோம்.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் கேத்தலுக்குள் பாருங்கள், அடியில் வெள்ளையாக ஒரு பொருக்குப் படிந்திருக்கும். கண்ணாடியில் படிவதும் அதேதான். வன்னியில் பல கிணறுகளிலும் குழாய்க்கிணறுகளிலும் வருவது கல்சியமும் மக்னீசியமும் கூடின தண்ணீர். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகள் மொத்தம் எவ்வளவு என்பதை டி.டி.எஸ். என்பார்கள். அதை அளக்க ஒரு சின்ன மீற்றர் இருக்கிறது. தண்ணீரில் முக்கினால் பிபிஎம் கணக்கில், அதாவது பத்து இலட்சம் பங்கில் எத்தனை பங்கு உப்பு என்று, ஒரு எண் காட்டும். 1000 என்று காட்டினால், அந்தத் தண்ணீர் ஒரு லீற்றர் வற்றும்போது ஏறத்தாழ 1 கிராம் உப்பு மிஞ்சும். யன்னலில் நிற்கிற ஒவ்வொரு துளியும் வெயிலில் வற்றும்போது தன் பங்கு உப்பை அந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகும். ஹோஸால் அடித்துக் கழுவின கண்ணாடியில் மறுநாள் வெள்ளை வட்டங்கள் தெரிவது அதனால்தான்.

குடிக்கிற தண்ணீர் என்றால் புள்ளி விழாது என்று பலர் நினைக்கிறார்கள். இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614 இல், கரைந்த திண்மங்கள் லீற்றருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். உடம்புக்கு அது பிரச்சினை இல்லை. கண்ணாடியில் அது கட்டாயம் தெரியும். ஊர்களில் இருக்கிற ஆர்.ஓ. நிலையத் தண்ணீர், அதாவது மென்சவ்வு ஒன்றுக்குள்ளால் அழுத்தி வடித்த தண்ணீர், எவ்வளவோ மேல். அந்த மென்சவ்வு உப்பில் 90 வீதத்துக்கு மேல் பிடித்துவிடும். ஆனாலும் மூலத் தண்ணீர் 1000 என்றால் கடைசியில் 50 அளவு மிஞ்சக்கூடும். கறுப்புக் கண்ணாடியில் அந்த 50 கூட மங்கலாகத் தெரியும்.

அதனால் ஆர்.ஓ. தண்ணீரை இன்னொரு குழாய்க்குள் விடுகிறோம். அதற்குள் தேன் நிறத்தில் கடுகு மாதிரிச் சின்னச் சின்ன ரெசின் மணிகள் நிரம்பி இருக்கும். மிஞ்சின கல்சியத்தையும் குளோரைட்டையும் அந்த மணிகள் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுபக்கத்தால் வருகிற தண்ணீருக்கு மீற்றர் 0 காட்ட வேண்டும். 10ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை யன்னலுக்குக் கொண்டுவர மாட்டோம், ரெசினை மாற்றுவோம். ரெசின் முடிந்துபோனால் சில வேளை லேசாக மீன் வாடை வரும், அதுவும் எங்களுக்கு ஒரு அடையாளம். வேலை தொடங்க முன் மீற்றரை உங்கள் கண் முன்னாலேயே முக்கிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் எங்களுக்குச் சந்தோசம்.

மாரி காலத்தில் எங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கூரையில் விழுகிற முதல் மழையை ஓட விட்டு, அதன் பிறகு வருகிற மழைநீரைத் தொட்டியில் சேர்த்தால் அதில் உப்பு மிகக் குறைவு. வடித்து எடுத்து ரெசினுக்குள் விட்டால் போதும், ஆர்.ஓ. கூடத் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் சேர்க்கிற தண்ணீரை மூடின பரல்களில் வைத்திருக்கிறோம். சிறுநீரக நோய்ப் பயத்தால் ஆர்.ஓ. தண்ணீரையே நம்பிச் சனம் கானோடு வரிசையில் நிற்கிற ஊர்கள் வன்னியில் இருக்கின்றன. கடும் கோடையில் அந்த வரிசையில் போய் யன்னலுக்குத் தண்ணீர் எடுக்க எங்களுக்கு மனம் வராது. அந்த மாதங்களில் வேலையைக் குறைத்துக்கொள்வோமே தவிர, குடிதண்ணீரில் கை வைக்க மாட்டோம்.

சரி, இனி அந்த முதுகுத் தாங்கி. வெளிநாடுகளில் இதே வேலையை வானுக்குள் பெரிய தாங்கி வைத்து, நீள ஹோஸ் இழுத்துச் செய்வார்கள். பிரித்தானியாவில் உயரத்தில் வேலை செய்வது பற்றிய ஒழுங்குவிதிகள் 2005இல் வந்த பிறகு, ஏணியில் ஏறாமல் நிலத்தில் நின்றபடி தண்ணீர் ஓடும் தூரிகைத் தடியால் யன்னல் கழுவுவது அங்கே நன்றாகப் பரவியது. லண்டனில் இருக்கிற உங்கள் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். இங்கே மணல் ஒழுங்கைக்குள் வான் போகாது, கேற்றிலிருந்து வீடு தூரம், சில இடங்களில் வெளியில் பிளக் கூட இல்லை. தாங்கியும் சின்ன 12 வோல்ட் பம்பும் பற்றரியும் ஒன்றாக முதுகில் இருந்தால் உங்கள் கரண்டும் வேண்டாம், உங்கள் பைப்பும் வேண்டாம். தூரிகைக்கு நிமிடத்துக்கு ஒரு லீற்றர் அளவில் போனால் போதும், ஆகவே தாங்கியை ஒருதரம் நிரப்பினால் கால் மணி நேரம் வேலை ஓடும். மிச்சத் தண்ணீர் கான்களில் ஓட்டோவோடு நிற்கும்.

20 லீற்றர் தண்ணீர் என்றால் 20 கிலோ, மெசினின் பாரம் வேறு. நாள் முழுக்கத் தலையை அண்ணாந்தபடி அதைச் சுமக்கிறவனின் முதுகும் கழுத்தும் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் 15 லீற்றருக்கு மேல் நிரப்ப நாங்கள் விடுவதில்லை. அடிக்கடி நிரப்பப் போகிறார்கள், நேரம் வீணாகிறது என்று தயவுசெய்து அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

"எங்களிடமே மருந்தடிக்கிற மெசின் இருக்கே, கழுவிப்போட்டு அதில் தண்ணீர் விட்டு அடிக்கலாமா?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். களைநாசினியோ பூச்சிமருந்தோ ஒருதரமேனும் ஊற்றின தாங்கியை வீட்டு யன்னலுக்குக் கொண்டுவராதீர்கள். எத்தனை தரம் அலசினாலும் வாஷரிலும் ஹோஸின் உட்பக்கத்திலும் மருந்து ஊறி இருக்கும். அது கண்ணாடியில் படியும், கீழே இருக்கிற பூக்கன்றில் விழும், யன்னலில் கை வைக்கிற பிள்ளையின் வாய்க்கும் போகும். மருந்தே தொடாத புது மெசின் என்றால் கதை வேறு. நொசிலைக் கழற்றி, ஹோஸைத் தூரிகைத் தடியோடு பொருத்தினால் கீழ் வீட்டு யன்னலுக்குத் தாராளமாகப் போதும். பற்றரி மெசினாக இருக்க வேண்டும். கையால் பம்ப் பண்ணிக்கொண்டு மற்றக் கையால் தடியைப் பிடிப்பது பெரும்பாடு. பித்தளைப் பொருத்திகள் வேண்டாம், உப்பில்லாத தண்ணீர் உலோகத்தை மெல்ல அரிக்கும். பிளாஸ்டிக் நல்லது.

ஆனால் நொசிலால் பூந்தூறலாக அடித்தால் மட்டும் யன்னல் சுத்தமாகாது. சுத்தத் தண்ணீர் தானாகவே அழுக்கை இழுத்தெடுக்கும் என்று சொல்கிற விளம்பரங்களை நாங்கள் நம்பவில்லை. அழுக்கைக் கழற்றுவது தூரிகை. தண்ணீர் அதைக் கொண்டுபோகிறது, போகும்போது எதையும் வைத்துவிட்டுப் போவதில்லை. சவர்க்காரம் போட்டால் அதன் பிசுபிசுப்பு மிஞ்சி அடுத்த காற்றில் தூசியைப் பிடிக்கும், அதனால் அதுவும் இல்லை.

வேலை இப்படி நடக்கும். முதலில் மேல் பிரேமும் ரப்பர் விளிம்பும். அங்கேதான் செம்மண் அடைந்து கிடக்கும், தூரிகை பட்டதும் தேத்தண்ணி நிறத்தில் வழியும். அதை வடிய விட்ட பிறகுதான் கண்ணாடிக்கு வருவோம். மேலிருந்து கீழாகத் தேய்த்து, கடைசியில் தூரிகையை எடுத்துவிட்டு வெறும் தண்ணீரை மேல் விளிம்பிலிருந்து ஓட விடுவோம். முதல் தரம் கழுவுகிற யன்னலில் ரப்பருக்குள் ஒளிந்திருந்த மண் பிறகு சொட்டி ஒரு கோடு விழலாம். ஆகவே புது வாடிக்கையாளர்களுக்கு இரண்டு சுற்றுக் கழுவுவோம், இரண்டாவதற்குக் காசு இல்லை. அதன் பிறகு அப்படியே காய விட்டுவிடுங்கள். நாங்கள் போன கையோடு துணியால் துடைத்தால் அந்தத் துணியில் இருக்கிற உப்பும் பஞ்சும்தான் கண்ணாடிக்கு ஏறும். உச்சி வெயிலில் கண்ணாடி சுட்டுக்கிடக்கும்போது அலசி முடிக்க முன்னமே தண்ணீர் காய்ந்துவிடும். அதனால்தான் காலையிலும் நாலு மணிக்குப் பிறகும் வருகிறோம்.

இந்த முறையால் போகிறவையும் இருக்கின்றன, போகாதவையும் இருக்கின்றன. முல்லைத்தீவுக் கரையோரத்தில் கடல் காற்றுக் கொண்டுவந்து அப்புகிற உப்பு தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும். பல்லி எச்சமும் சிலந்தி வலையும் தூரிகைக்குப் போகும். குளவி கட்டின மண்கூட்டை முதலில் ஊற வைத்துத்தான் எடுக்க வேண்டும். வருசக்கணக்காகக் கிணற்றுத் தண்ணீர் தெறித்துக் கல்லாகிப்போன வெள்ளைப் படிவு, சீமெந்துத் துளி, பெயின்ற் சொட்டு இவை போகா. படிவுக்கு அமில வகை மருந்து வேண்டும், அது தனி வேலை, அலுமினியப் பிரேமைக் கெடுக்காமல் செய்ய வேண்டிய வேலை. லூவர் கண்ணாடிக்கும் உக்கின மர யன்னலுக்கும் இந்த முறை சரிவராது, தண்ணீர் உள்ளே வரும். அவற்றையும் கிறில் இருக்கிற உள்பக்கத்தையும் கையால் செய்வோம்.

ஒரு விசயத்தில் மட்டும் எங்களை வற்புறுத்தாதீர்கள். தூணிலிருந்து வீட்டுக்கு வருகிற மின் வயருக்குக் கிட்ட இருக்கிற யன்னலுக்கு நாங்கள் தடியை உயர்த்த மாட்டோம். அலுமினியத் தடியும் கார்பன் தடியும் கரண்டைக் கடத்தும். தண்ணீர் உப்பில்லாதது என்றாலும் கண்ணாடி அழுக்கோடு சேர்ந்து வடியும்போது அதுவும் கடத்தும். அந்த ஒரு யன்னலை உள்ளேயிருந்து எட்டித் துடைத்துத் தருவோம், இல்லையென்றால் விட்டுவிடுவோம்.

நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பூக்கன்றுக்குத் தண்ணீர் விடும்போது ஹோஸை யன்னல் பக்கம் திருப்பாதீர்கள். தெறித்துவிட்டால் காயும் முன்பே துடைத்துவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்தால் எங்களை வருசத்தில் அரைவாசித் தரம் கூப்பிட்டாலே போதும்.

தைப்பொங்கலுக்கு முன் வேலை வேண்டுமென்றால் மார்கழி நடுப்பகுதிக்குள் சொல்லிவிடுங்கள். சொல்லும்போது எத்தனை கண்ணாடி, மேல்மாடி உண்டா, வயர் எந்தப் பக்கம், ஓட்டோ எதுவரை வரும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் எத்தனை கான் தண்ணீர் ஏற்றுவது என்று எங்களுக்குத் தெரியும்.

இங்ஙனம்,
யன்னல் துப்புரவு வேலைக் குழுவினர்,
கிளிநொச்சி