கட்டில் போட்ட வேனும் ஓட்டைச் சைலன்சரும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் சீசன் தொடங்கிவிட்டால் நுவரெலியா, ஹப்புத்தளை, எல்ல பக்கம் மலையேறி வரும் வாகனங்களுக்கு நடுவே, உள்ளே கட்டிலும் அடுப்பும் பூட்டிய பழைய ‘கெம்பர்’ வேன்களும் இப்போது தாராளமாகக் கண்ணில் படுகின்றன. பாடசாலைப் பிள்ளைகளையும் கலியாண வீட்டுக்காரரையும் வருடக்கணக்கில் சுமந்து ஓய்ந்த ‘டொல்பின்’ என்னும் டொயோட்டா ஹயேஸ் வேன்கள்தான் பல. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கையில் இருந்த வேனையே கழுவிப் பூசி, சீற்றைக் கழற்றி, பலகை அடித்து வாடகைக்கு விட்டார்கள். அதில் தப்பில்லை. ஆனால் பலகைக்கும் மெத்தைக்கும் செலவழித்தவர்கள் வண்டிக்கு அடியில் தொங்கும் சைலன்சரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

சைலன்சர் போனால் எல்லாரும் கராஜுக்கு வந்து சொல்வது ஒன்றே: “சத்தம் கூடிப்போச்சு.” சத்தம் கேட்டால் காது வலிக்கும், பொலிஸ் மறிக்கும், அவ்வளவுதான். புகை எங்கே போகிறது என்பதுதான் பெரிய விஷயம். பாடசாலை வேனில் பிள்ளை அரை மணித்தியாலம் உட்காரும், ஜன்னலும் திறந்திருக்கும். கட்டில் போட்ட வேனில் ஒரு குடும்பம் குளிருக்குப் பயந்து எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, புகைக் குழாய்க்கு நேர் மேலே படுத்துக்கொண்டே ரம்பொடை வளைவுகளில் ஏறும். காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்ளும். டீசலில் அது பெற்றோலைவிடக் குறைவு என்பது உண்மை, அறவே இல்லை என்பது பொய். மலைப்பாதையில் தலையிடி, வாந்தி என்றால் வளைவின் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். இறங்கிக் காற்றில் நின்றதும் சுகமாகி, ஏறியதும் திரும்ப வந்தால் முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும்.

நம் பக்கத்தில் சைலன்சர் சீக்கிரம் உக்குவதற்கு மழையைக் காரணம் சொல்வார்கள். மழை வெளியிலிருந்து தின்னும். அதைவிட வேகமாகத் தின்பது உள்ளே இருக்கும் தண்ணீர். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். குழாய் நன்றாகச் சூடேறியிருந்தால் அது ஆவியாகவே போய்விடும். தோட்டத்திலிருந்து டவுனுக்கு ஐந்து கிலோமீற்றர், திரும்ப ஐந்து கிலோமீற்றர் என்று ஓடும் வண்டியில், அதுவும் தலவாக்கலைக் குளிரில், சைலன்சரின் பின்பெட்டி சூடேறவே ஏறாது. ஆவி தண்ணீராகிப் பெட்டியின் அடியில் தேங்கும். டீசலில் உள்ள கந்தகம் அதில் சேர்ந்து அமிலமாகும். அதனால்தான் வெளியே பெயின்ட் பளபளக்கும் பெட்டி, ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பார்த்தால் ‘டிங்’ என்று சொல்லாமல் ‘டொக்’ என்று சொல்கிறது. தட்டும்போது உள்ளே துருத்தூள் சரசரவென்று ஓடினால் அந்தப் பெட்டியில் ஒட்டுப்போட இடமே இல்லை. நல்ல பெட்டிகளின் தாழ்ந்த மூலையில் 3 மி.மீ. அளவில் ஒரு சிறு துவாரம் இருக்கும். அது தண்ணீர் வடிய வைத்தது. ஓட்டை என்று நினைத்து அதை வெல்டிங் பண்ணி அடைத்த கைங்கரியத்தையும் பார்க்க முடிகிறது!

கசிவைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். டீசல் வண்டியில் கசியும் இடத்தைச் சுற்றிக் கறுப்புத் தூள் கோழி இறகு விரிந்த மாதிரிப் படிந்திருக்கும். விரலால் தொட்டால் காய்ந்த மை. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, தடித்த துணியை மடித்துக் கையுறையோடு வால் குழாயின் வாயைச் சில நொடி பொத்தினால், மற்ற ஓட்டைகள் ‘புஸ் புஸ்’ என்று தாங்களே சொல்லிவிடும். இதைக் கராஜுக்குள் செய்யாமல் வெளியே, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும்.

டொல்பினில் எஞ்சின் இருப்பது முன் சீற்றுகளுக்கு அடியில். எஞ்சினின் புகையை ஒன்றுசேர்க்கும் மெனிபோல்டும் அதிலிருந்து இறங்கும் முதல் குழாயும் சாரதியின் தொடைக்குக் கீழே. அங்கே மூட்டின் நடுவே கசிவை அடைக்கும் பெக்கிங் போனால் புகை பின்னால் போகக் காத்திருக்காது. எஞ்சின் மூடியின் ஓரத்தால் நேரே கெபினுக்குள் ஏறும். பின்பெட்டியை மட்டும் புதிதாகப் போட்டுவிட்டு “சைலன்சர் மாத்தியாச்சு” என்று காசு வாங்குவதை எதிர்ப்பது இதனால்தான். மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டி முப்பது வருடத்தில் மரக்கட்டையாகியிருக்கும். அதையும் சேர்த்து மாற்றாவிட்டால் வேலை முடியவில்லை. கறுப்புப் புகைக்கும் சைலன்சருக்கும் முடிச்சுப் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய எண்பது வீதம்தான். காற்றை அழுத்தி ஊட்டும் டேர்போ இல்லாத, டொல்பினில் வரும் ‘2எல்’, ‘3எல்’ ரக எஞ்சின்களுக்கு டீசல் அதே அளவு, காற்று குறைவு, கறுக்கத்தான் செய்யும். அதற்கு எயார் பில்டரையும் இன்ஜெக்டரையும் பாருங்கள்.

இனி வேலைக்கு வருவோம். முதல் நாள் இரவே எல்லா நட்டுகளுக்கும் துருநீக்கி எண்ணெய் அடித்து ஊறவிட வேண்டும். காலையில் எஞ்சின் சுத்தமாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சமதரை, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, வண்டியின் பாரம் ஸ்டாண்டில். ஜெக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. கெம்பர் வேனில் தண்ணீர்த் தாங்கி, இரண்டாவது பெற்றரி, அலுமாரி என்று பாரம் ஒரு பக்கமாக இருக்கும். தாங்கியை முதலில் காலி பண்ணிவிடுவது புத்தி.

சிக்கல் வருவது மெனிபோல்டின் ஸ்டட்களில், அதாவது நட்டு ஏறும் மரையாணிகளில். 14 ஸ்பனரைப் போட்டு ஒரே மூச்சில் இழுத்தால் ஸ்டட் முறிந்து கையோடு வரும். நட்டை மட்டும் காஸ் சுடரால் செக்கச் சிவக்கச் சுட்டு, சற்று ஆறவிட்டு, கால் சுற்று அவிழ்த்து, திரும்ப இறுக்கி, மறுபடி அவிழ்த்து என்று முன்னும் பின்னுமாகக் கொண்டுவர வேண்டும். சுடுவதற்கு முன் துருநீக்கி எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும், பக்கத்தில் டீசல் ரப்பர் குழாய் ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் நட்டை கிரைண்டரால் பிளந்து எடுங்கள். நட்டின் விலை ஸ்டட்டின் விலையைவிடக் குறைவு, முறிந்த ஸ்டட்டைத் துளைத்து எடுக்கும் கூலியை நினைத்தால் அது விலையே இல்லை. புதிய நட்டு பித்தளையாகவோ செப்புப் பூச்சுள்ளதாகவோ இருந்தால் அடுத்த தடவை அவிழ்ப்பவர் உங்களை வாழ்த்துவார்.

குழாயின் அளவை வாயால் சொல்லிக் கடையில் வாங்க வேண்டாம். பழைய குழாயின் துரு இல்லாத இடத்தில் வேர்னியர் அளவுகோலை வைத்து வெளி விட்டத்தை எடுங்கள். அதைவிடச் சிறியதைப் போட்டால் ஏற்றத்தில் இழுவை செத்துப்போகும். தடிப்பு 1.5 மி.மீ.க்குக் குறைந்தால் இரண்டு மழைக்குத்தான் தாங்கும். அலுமினியப் பூச்சுக் குழாய் சாதாரண இரும்பைவிட நன்றாக நிற்கும். வெல்டிங் செய்த இடத்தில் பூச்சு எரிந்துவிடும் என்பதால் அங்கே சூடு தாங்கும் பெயின்ட் பூச வேண்டும். கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வருவோர், அது எத்தனை வருடம் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தது என்று யோசிக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்கு உள்ள, நாகம் (சிங்க்) பூசிய ஜீ.ஐ. பைப்பை வெட்டிச் சைலன்சருக்கு ஒட்டுவது இன்னும் மோசம். வெல்டிங்கில் அந்த நாகம் ஆவியாகி, அதைச் சுவாசித்த வெல்டிங் பாஸ் அன்றிரவு காய்ச்சலும் நடுக்கமுமாகக் கிடப்பார்.

வண்டியில் வைத்தே முழு வெல்டிங்கும் செய்வது நம் ஊர்களில் வழக்கம். வேண்டாம். இரண்டு மூன்று இடத்தில் புள்ளி வைத்து அளவு பிடித்ததும் இறக்கி, வெளியே வைத்துச் சுற்றி ஒட்டுங்கள். புள்ளி வைக்கும் அந்த ஒரு நிமிடத்துக்கும் பெற்றரி இரண்டையும் கழற்ற வேண்டும், சூரிய மின்தகட்டின் வயரையும் இன்வேர்ட்டரையும் பிரிக்க வேண்டும், காஸ் சிலிண்டரை வண்டியை விட்டே இறக்கித் தள்ளி வைக்க வேண்டும். எர்த் கிளிப்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள்; பம்பரில் பிடித்தால் கரண்ட் ஒல்டர்னேட்டரின் டயோட்டைத் தேடிப் போகக்கூடும். வேனின் தரைக்கு மேலே ரெஜிபோம் அட்டையும் பலகையும் இருப்பதை மறந்து சுடரைக் காட்டி, மெத்தை புகைந்த பிறகு தண்ணீர் தேடுவதில் பயனில்லை.

பூட்டும்போது முன்னாலிருந்து பின்னாக எல்லாவற்றையும் தளர்வாகத் தொங்கவிட்டு, குழாயைத் தாங்கும் ரப்பர்களை மாட்டி, குழாய் எங்கேயும் முறுகாமல் தானாக நேரே தொங்குகிறதா என்று பார்த்த பிறகே, முன்னாலிருந்து இறுக்கிக்கொண்டு வர வேண்டும். குழாய்க்குள் குழாய் செருகும் மூட்டில் நாற்பது ஐம்பது மி.மீ. உள்ளே போகட்டும். நசுங்கிய பழைய பெக்கிங்கைத் திரும்பப் போடாதீர்கள். ரப்பருக்குப் பதில் கம்பியால் கட்டுவது மலையில் சரிவராது. ஏற்றத்தில் எஞ்சின் ஆடும், குழாயும் கூட ஆட வேண்டும். கம்பி பிடித்து நிறுத்தினால் முதல் குழாய் கழுத்தில் வெடிக்கும். ஒரே இடத்தில் இரண்டு தடவை வெடித்தால் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் போய்விட்டதா என்றும் பாருங்கள்.

கெம்பர் செய்தவர்கள் அதிகம் தவறு விடுவது வால் குழாயில். பின்னால் சைக்கிள் தட்டு பூட்டவோ தண்ணீர்த் தாங்கிக்கு இடம் விடவோ அதை அரைவாசியில் வெட்டிவிடுகிறார்கள். புகை கட்டிலுக்கு அடியிலேயே வெளியேறுகிறது. சிங்கின் கழிவுக் குழாய்க்கும் வயருக்கும் துளைத்த ஓட்டைகளால் உள்ளே ஏறுகிறது. அவற்றைச் சூடு தாங்கும் சீலன்ட்டால் அடைக்கலாம். ஆனால் காஸ் சிலிண்டர் பெட்டியின் தரையில் விடும் துவாரத்தை அடைக்கவே கூடாது. அந்த காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் கீழே இறங்கிப் போக அது ஒன்றுதான் வழி. ஆகவே வால் குழாயின் வாயைத்தான் அங்கிருந்து விலக்க வேண்டும். அது வண்டிக் கூட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே வரட்டும். நம் வேன்களில் கதவு இடப்பக்கம், கூடாரத் துணி விரிப்பதும் அந்தப் பக்கம்தான். வாய் வலப்பக்கமோ பின்பக்கமோ திரும்பட்டும். அப்படிச் செய்தாலும் பின்கதவைத் திறந்து வைத்து ஓட்டினால் ஓடும் வண்டியின் பின்னால் சுழலும் காற்று புகையை உள்ளே இழுக்கும். குளிருக்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவது எந்தச் சைலன்சரோடும் கூடாது.

வருமான அனுமதிப் பத்திரத்துக்காக எடுக்கும் புகைப் பரிசோதனையில் பாஸானதைக் காட்டி “எல்லாம் சரி” என்பவர்கள் உண்டு. அங்கே அளப்பது வால் குழாயால் வரும் புகையை. எஞ்சின் மூடியின் ஓரத்தால் கெபினுக்குள் ஏறுவதை அளப்பதில்லை. வேனை வாடகைக்கு எடுப்பவர்கள் சாவியை வாங்குமுன் முன்சீற்றைத் தூக்கச் சொல்லி அந்த மூடியின் உட்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கட்டும். துணியில் காய்ந்த மை ஒட்டினால் வேறு வேன் பார்க்கலாம்.

புதிதாகப் பூட்டியவர்களுக்கு: முதல் ஓட்டத்தில் பெயின்ட் சூடேறிச் சற்றுப் புகையும், பயப்பட வேண்டாம். நூறு கிலோமீற்றர் ஓடி, குளிர்ந்த பிறகு, எல்லா நட்டையும் இன்னொரு தடவை இறுக்குங்கள். சூட்டில் பெக்கிங் அமர்ந்து நட்டுகள் தளர்ந்திருக்கும்.

இப்படிக்கு,
வாகனத் திருத்துநர் ஒருவர்,
ஹட்டன்.