ஏழாம் விதியை எடுத்துவிடுங்கள்: அறிவியல் புனைகதைப் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நடுவர் குழுவினருக்கு,

வணக்கம். போன மாதம் என் சிறுகதையின் மூன்று பிரதிகளையும் திருப்பி அனுப்பியிருந்தீர்கள். கூடவே ஒரு துண்டுச்சீட்டு: "வேற்றுக்கிரகவாசிகள் கடைசிவரை வரவே இல்லை. விதி 7 பார்க்கவும்." பார்த்தேன். படையெடுப்புக் கதை எதுவானாலும் மனிதகுலத்தின் துணிவும் அறிவும் வெல்வதாகவே முடிய வேண்டும் என்கிறது விதி 7. அதை அடுத்த ஆண்டு எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பரிசு கிடைக்காத கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் என்னைக் குடைவது வேறு. நான் ஒரு துணை மின்நிலையத்தில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவன். இரவு ஷிஃப்டில் மணிக்கொரு தடவை மீட்டர்களைப் பார்த்து ரீடிங் எழுத வேண்டும். நடுவில் கிடைக்கும் நேரத்தில், பழைய லாக் ஷீட்டுகளின் பின்பக்கத்தில், பதினான்கு மாதம் எழுதிய கதை அது. கையெழுத்துப் பிரதி கூடாது, தட்டச்சு செய்த மூன்று பிரதி வேண்டும் என்றீர்கள். டிடிபி கடையில் காசு கொடுத்து அடித்து, நானே மூலையில் துளை போட்டு நூல் கோத்து, முடிச்சுப் போட்டு அனுப்பினேன். திரும்பி வந்த மூன்றில் இரண்டின் முடிச்சு நான் போட்டபடியே இருந்தது. தாளின் விளிம்புகூட மடங்கவில்லை. மூன்றாவதில் ஆறாம் பக்கத்தில் ஒரு டீ கிளாஸின் வட்டம். ஒருவராவது ஆறாம் பக்கம் வரை வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கதை இருபத்திரண்டு பக்கம்.

தலைப்பைக் கொடுத்தது நீங்கள்தான்: 'நம்பும்படியான வேற்றுக்கிரகப் படையெடுப்பு'. நம்பும்படி என்ற அந்தச் சொல்லை நான் நம்பிவிட்டேன்.

நம்பும்படி எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது தூரம். 2025 ஜூலையில் விண்மீன்களுக்கு நடுவிலிருந்து ஒரு வால்நட்சத்திரம் சூரியக் குடும்பத்துக்குள் வருவதைக் கண்டுபிடித்தார்கள். 3ஐ/அட்லஸ் என்று பெயர். வெறும் பனியும் தூசியும்தான், ஆனால் டிவிக்காரர்கள் அதற்குள் ஆளை உட்காரவைத்து எத்தனை ராத்திரி ஓட்டினார்கள்! அது விநாடிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது. அந்த வேகத்தில் நமக்கு ஆகப் பக்கத்து விண்மீனிலிருந்து கிளம்பினால் வந்து சேர இருபதாயிரம் வருடத்துக்கு மேல் ஆகும். ஆகவே வருகிறவர்கள் ஒளி வேகத்தில் பத்தில் ஒரு பங்காவது வர வேண்டும். அந்த வேகத்தில் ஒரு கிலோ கல் மோதினாலே ஹிரோஷிமாவில் போட்டதைப்போல ஏழு குண்டுகளின் ஆற்றல். இப்படி ஒரு கல்லை எறிய முடிந்தவன் எதற்காகப் பறக்கும் தட்டில் வந்து இறங்கி, துப்பாக்கி தூக்கி, நம் கதாநாயகனோடு மல்லுக்கட்ட வேண்டும்? தண்ணீருக்காக வருகிறான் என்றும் சொல்ல முடியாது. வியாழனின் யூரோப்பா நிலவில் பனிக்கு அடியில் நம் எல்லாக் கடலையும் சேர்த்தால் இருப்பதைப்போல இரண்டு மடங்குத் தண்ணீர் இருக்கும் என்கிறார்கள். எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே.

என் கதையில் அவர்கள் இறங்கத்தான் வருகிறார்கள். இறங்க வேண்டுமானால் பிரேக் போட வேண்டும். புவியீர்ப்பில் நூறில் ஒரு பங்கு விசையில் பிரேக் போட்டால், நிற்கக் கிட்டத்தட்டப் பத்து வருடம். எஞ்சின் நெருப்பு நம்மைப் பார்த்தபடி எரியும். ஒன்பது வருடத்துக்கு மேல் வானத்தில் ஒரு புது நட்சத்திரம். மாதாமாதம் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம். கதை என்பது அந்த ஒன்பது வருடம்தான். மனை விலை முதலில் சரிகிறது, பிறகு என்ன காரணமோ ஏறுகிறது. ஒருவர் இருபது வருடக் காப்பீட்டுக்குத் தவறாமல் பிரீமியம் கட்டுகிறார். பத்தாம் வகுப்புத் தேர்வு தள்ளிப்போகுமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். போகாது என்று அமைச்சர் அறிக்கை விடுகிறார்.

இந்த வகைக் கதைகளை நான் தேடித் தேடிப் படிப்பது இந்த நடுப்பகுதிக்காகத்தான். வருகிறவனுக்கு எத்தனை கை, எத்தனை கண் என்பது எனக்கு முக்கியமில்லை. அவனும் நம்மைப்போலவே இயற்பியலுக்குக் கட்டுப்பட்டவன் என்று ஆசிரியர் ஒத்துக்கொண்ட உடனே பயம் வந்துவிடும். மாயாஜாலத்துக்கு நாம் பயப்படுவதில்லை, கணக்குக்குப் பயப்படுவோம்.

கதையில் ஊர்ப்பெயர்களும் மின்நிலைய விவரங்களும் அதிகம் என்று உங்களில் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். பேசியதற்கு நன்றி, நிஜமாகவே. ஆனால் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 'உலகங்களின் போர்' (The War of the Worlds) நாவலில் செவ்வாய்க்காரர்களை இறக்கியது எங்கே? தான் குடியிருந்த வோக்கிங் ஊருக்குப் பக்கத்துப் பொட்டலில். சைக்கிளில் சுற்றி, எந்தத் தெருவை எப்படி அழிக்கலாம் என்று பார்த்து வைத்துக்கொண்டு எழுதினார். 1949 பிப்ரவரியில் அதே கதையை ஈக்வடாரின் கீட்டோ நகர வானொலி, உள்ளூர் இடங்களைப் போட்டு, செய்தி வாசிப்பதுபோலவே ஒலிபரப்பியது. ஊர் நடுங்கிவிட்டது. நாடகம் என்று தெரிந்ததும் ஆத்திரப்பட்ட கூட்டம் நிலையத்துக்கே தீ வைத்தது, உயிர்ச்சேதமும் ஆனது. அந்த அளவுக்கு வேண்டாம்தான். உள்ளூர்ப் பெயருக்கு என்ன பலம் என்று சொல்ல வந்தேன், அவ்வளவுதான்.

அப்புறம் முடிவு. வெல்ஸின் கதையில் செவ்வாய்க்காரர்களைக் கொல்வது கிருமிகள். மனிதனின் துணிவும் அறிவும் ஒன்றும் கிழிக்கவில்லை. அவர் உங்கள் போட்டிக்கு அனுப்பியிருந்தால் அவருக்கும் ஒரு துண்டுச்சீட்டு போயிருக்கும். அவர் அப்படி எழுதியதற்குக் காரணம் உண்டு. டாஸ்மேனியாவின் பூர்வகுடிகளுக்கு ஐரோப்பியர்கள் செய்த கொடுமையை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டுத்தான் செவ்வாய்க்காரர்களிடம் போகிறார். தன் நாடு பிறருக்குச் செய்ததைத் தன் நாட்டுக்கே செய்து பார்த்த கதை அது.

அவருக்கு அது கற்பனை. நமக்கு அப்படியா? 1639இல் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி உள்ளூர் நாயக்கரிடம் கேட்டு, கடலோரமாக ஒரு மணல் துண்டை வாங்கியது. அதுதான் பின்னால் சென்னை. கோட்டை கட்டிக்கொள்ளவும் வியாபாரம் செய்யவும் அனுமதி. அன்றைக்கு அங்கே மீன் பிடித்தவர் எவரும் அதைப் படையெடுப்பு என்று நினைத்திருக்கமாட்டார். வந்தவர்கள் தறித்துணி வாங்க வந்தவர்கள். யாருக்கும் தோன்றாமலே நடக்கிற படையெடுப்பு எப்படியிருக்கும் என்று எழுத இந்த ஊர்க்காரர்களைவிடத் தகுதியானவர்கள் யார்? அவர்களிடம் போய், ஜெயிப்பதாக முடி என்று விதி போடுகிறீர்கள்.

ஜெயிக்க என்ன செய்திருக்கலாம் என்றும் அதே தொலைபேசியில் ஒரு யோசனை வந்தது. கதாநாயகன் தன் லேப்டாப்பிலிருந்து அவர்கள் கப்பலுக்கு ஒரு கணினி வைரஸை அனுப்பலாமாம். 1996இல் ஹாலிவுட்டில் ஏற்கெனவே அனுப்பிவிட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் பிரிண்டரும் கம்ப்யூட்டரும் ஒரே மேஜைமேல்தான் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று பேசவைக்க வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டியிருக்கிறது. இதில் பல ஒளியாண்டு தள்ளிச் செய்த எந்திரம் நம் வைரஸை மரியாதையாக வாங்கிக்கொள்ளுமாம். நாடெங்கும் விளக்கணைய வேற்றுக்கிரகமே தேவையில்லை ஐயா. 2012 ஜூலை 31 அன்று வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்று மின்கட்டமைப்புகளும் விழுந்து சுமார் 62 கோடிப் பேர் வாழும் பகுதி இருண்டது. ஒரு பச்சை மனிதனும் வரவில்லை.

கோபம் எங்கோ இழுத்துக்கொண்டு போகிறது, மன்னிக்கவும். உங்களில் ஆறாம் பக்கத்தைத் தாண்டாதவர்களுக்காகக் கதையின் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடம் முடிகிறது. ஒரு ராத்திரி அந்த நட்சத்திரம் அணைகிறது. பிரேக் போட்டு முடித்துவிட்டார்கள் என்று பொருள். துணை மின்நிலையத்தில் ஷிஃப்டில் இருப்பவர் மீட்டரைப் பார்க்கிறார். 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய மின்சாரத்தின் அதிர்வெண் 49.90க்குக் கீழே போகிறது. பிறகு 49.5. பிறகு 48.7. லைனைத் துண்டித்துக் கட்டமைப்பைக் காக்கும் ரிலேக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ட்ரிப் ஆகின்றன. வெளியே ஊர் அணைந்துகொண்டே போகிறது. அவர் டார்ச் வெளிச்சத்தில் லாக் ஷீட்டில் நேரத்தை எழுதி, கையெழுத்துப் போடுகிறார். அவ்வளவுதான். அவர்கள் வந்தாயிற்று. நேரில் வரவில்லை என்கிறீர்கள். வேறு எப்படி ஐயா வருவார்கள்?

அந்தக் கையெழுத்தும் ஒரு துணிவுதான் என்று நினைத்தே எழுதினேன். உங்கள் விதியில் அதற்கு இடமில்லை போலும்.

நீங்கள் சம்பளமில்லாமல் செய்கிற வேலை இது என்று தெரியும். தமிழில் அறிவியல் கதைக்கென்று போட்டி நடத்துகிறவர்களே சில பேர்தான், அதற்கு நன்றிக்கடனும் உண்டு. அதனால்தான் தாழ்மையாகக் கேட்கிறேன். வேற்றுக்கிரகவாசி வென்றே ஆக வேண்டும் என்று எட்டாம் விதி போடச் சொல்லவில்லை. ஜெயிப்பதா தோற்பதா என்பதை எழுதுகிறவரிடம் விட்டுவிட்டு, ஏழாம் விதியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். முடிந்தால், முடிச்சை அவிழ்த்துப் படியுங்கள்.

அடுத்த கதையை ஆரம்பித்துவிட்டேன். இதிலும் அவர்கள் வரமாட்டார்கள். கடைசித் தேதி எப்போது, எத்தனை பிரதி அனுப்ப வேண்டும் என்று தெரிவித்தால் நல்லது.

தங்கள் உண்மையுள்ள,
இரவு ஷிஃப்டிலிருந்து ஒரு வாசகன்