சுரண்டி எடுத்த தார்க்கலவை எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய தார்ச்சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு பிறப்பித்த உத்தரவு, சாலை உயர உயர வீடுகள் பள்ளத்தில் இறங்கி, மழைநீர் வாசற்படி தாண்டி உள்ளே புகும் அவலத்துக்கு முடிவு கட்டும் என்ற நம்பிக்கையைத் தந்தது. சாலையின் மேல்பரப்பைச் சுரண்டி எடுக்கும் மில்லிங் இயந்திரமும் இன்று பழகிய காட்சியாகிவிட்டது. ஆனால், சுரண்டி எடுத்த கலவை காலிமனைகளில் கொட்டப்படுவதையும், சாலையோரத்திலேயே குவிந்து கிடந்து மழையில் வடிகாலை அடைப்பதையும் யாரும் பொருட்படுத்துவதில்லை.

அதைக் குப்பை என்று ஒதுக்குவது பெரும் வீண். ஒரு கட்டியைக் கையில் எடுத்து உதிர்த்துப் பார்த்தால், தார் பூசிய கருங்கல் ஜல்லிதான் தெரியும். எடையில் ஏறத்தாழ 4 முதல் 5 சதவீதம் தார், மற்றதெல்லாம் கல்லும் கல்தூளும். குன்றுகளை உடைத்து எடுத்த கல்லை ஒருமுறை மட்டும் பயன்படுத்திவிட்டு எறிவது எந்த வகையிலும் நியாயமாகாது.

அதற்காக, அப்படியே அள்ளிப் புதுக் கலவையில் சேர்த்துவிடவும் முடியாது. வெயிலிலும் காற்றிலும் பல ஆண்டுகள் கிடந்த தார் ஆக்சிஜனேற்றத்தால் இறுகியிருக்கும். அளவுக்கு மீறிச் சேர்த்தால் சாலை விரைவில் வெடிப்பு விடும். மில்லிங் பல் பட்டு ஜல்லி உடைவதால் தூளின் அளவும் கூடியிருக்கும். ஆகவே, ஒவ்வொரு குவியலிலிருந்தும் மாதிரி எடுத்து, தாரைக் கரைத்துப் பிரித்து அதன் அளவையும் இறுக்கத்தையும் சோதிப்பது, ஜல்லியைச் சல்லடையில் சலித்துப் பார்ப்பது, ஈரப்பதத்தைக் கணக்கிடுவது ஆகிய மூன்றையும் கட்டாயமாக்க வேண்டும். கூரையில்லாத இடத்தில் நனைந்து கிடக்கும் குவியலை உலர்த்தவே எரிபொருள் கரைந்துவிடும் என்பதைக் கலவை ஆலையில் பணிபுரிந்தவர்கள் அறிவார்கள். தார்ச்சாலை மறுசுழற்சிக்கென்றே, சாலைப் பொறியியல் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 120 என்ற வழிகாட்டி 2015 முதல் இருக்கிறது.

கழிவைச் சோதித்துச் சாலைக்குள் கொண்டுவந்த அனுபவம் நமக்குப் புதிதன்று. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் ரா. வாசுதேவன், சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துகளைப் பூசும் முறையை உருவாக்கினார். 2002 முதல் மதுரை, சென்னை, ஈரோடு ஆகிய ஊர்களில் போட்ட அத்தகைய சாலைகளின் வழுக்கும் தன்மையையும், பாரம் ஏறும்போது தாழும் அளவையும், மேடுபள்ளத்தையும் சில ஆண்டுகள் கழித்து அளந்தார்கள். பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக் சூடானால் நச்சு வாயு வெளிவரும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும் என்ற விதியோடு, 2013இல் தேசிய வழிகாட்டியும் வந்தது. பழைய தார்க்கலவைக்கும் அதே பொறுமையான மதிப்பீடு தேவை.

எனவே, சுரண்டும் கலவையின் எடை, அது சேமிக்கப்படும் இடம், மறுபயன்பாட்டு விகிதம் ஆகியவற்றை ஒப்பந்தப்புள்ளியிலேயே குறிப்பிட நெடுஞ்சாலைத் துறையும் உள்ளாட்சி அமைப்புகளும் உத்தரவிட வேண்டும். முதற்கட்டமாக ஒரு மாநகராட்சியில், மறுசுழற்சிக் கலவையிலும் புதுக் கலவையிலும் அடுத்தடுத்து இரு பகுதிகளை அமைத்து, இரண்டு வடகிழக்குப் பருவமழைகளுக்குப் பிறகு அவற்றின் நிலையை அளந்து, முடிவுகளை மக்கள் பார்வைக்குத் தமிழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.