காட்டுயிர்ப் பிரிவு: 2022-23 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

"பிழைப்புக்காக குவாஹாட்டி வந்த நாம் காண்டாமிருகத்துக்கு என்ன செய்துவிட முடியும்?" என்று சென்ற ஆண்டுக் கூட்டத்தில் ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். அதைக் காக்கும் வனக் காவலர்களுக்கு மழைக்கோட்டு வாங்கித் தரலாம் என்று முடிவெடுத்தோம். அதையும் நேரத்துக்கு வாங்கவில்லை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. 2022-இல் அஸ்ஸாமில் ஒரு காண்டாமிருகம்கூடக் கள்ள வேட்டைக்குப் பலியாகவில்லை. 1977-க்குப் பிறகு இப்படி ஓர் ஆண்டு அமைந்தது இதுவே முதல்முறை. 2013-இலும் 2014-இலும் ஆண்டுக்கு 20-க்கு மேல் சுட்டுக் கொன்றார்கள் என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும். 2022 மார்ச் கணக்கெடுப்பில் காசிரங்கா தேசியப் பூங்காவில் மட்டும் 2,613 இருந்தன.

பிப்ரவரியில் குடும்பங்களோடு போபிதோரா வனவிலங்குச் சரணாலயம் போனோம். மாயாஜாலத்துக்குப் பேர்போன மாயோங் கிராமம் பக்கத்தில்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதைப் பார்க்கத்தான் அதிக ஆசை. ஆனால் எல்லோரையும் கட்டிப்போட்டது எங்களுடன் வந்த வனக் காவலரின் பேச்சுதான். (அவரை நம் பிள்ளைகள் 'தாதா' என்று கூப்பிட்டதும் ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி பதறிவிட்டார். இங்கே தாதா என்றால் அண்ணன்.) காண்டாமிருகம் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து சாணம் போடும் என்று அவர் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தக் குவியலுக்கு அருகேதான் வேட்டைக்காரன் துப்பாக்கியோடு பதுங்கியிருப்பான் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. சத்தம் கேட்காமலிருக்க மின்கம்பியிலிருந்து ஒயர் இழுத்துக் கொல்வதும் உண்டாம். நம் நகமும் முடியும் எதனால் ஆனவையோ அதே கெரட்டின்தான் அந்தக் கொம்பும். அதை மருந்தென்று நம்பி வியட்நாமிலும் சீனாவிலும் பணம் கொட்டுகிறார்கள். இழந்ததை ஈடுகட்டுவதும் எளிதல்ல. தாய் ஒரு கன்றைச் சுமக்க ஏறக்குறைய 16 மாதம் ஆகிறது.

39 சதுர கிலோமீட்டர்கூட இல்லாத போபிதோராவில் அதே 2022 கணக்கெடுப்பில் 107 காண்டாமிருகங்கள். புல் போதாமல் அவை வயலில் இறங்கிவிடுகின்றன. தீவிரவாதக் காலத்தில் மானஸ் தேசியப் பூங்கா தன் காண்டாமிருகங்களை எல்லாம் இழந்தபின், 2008-இல் அங்கே கொண்டுபோய் விடப்பட்டவை இங்கிருந்து போனவைதான்.

இனி மழைக்கோட்டுக் கதை. மே மாதம் பணம் கட்டினோம். கடைக்காரர் ஆகஸ்டில் அனுப்பினார். அதற்குள் பிரம்மபுத்திரா பெருகி, வடிந்தும்விட்டது. வந்ததில் பாதி சைஸ் பொருந்தவில்லை. அளவு கேட்காமல் ஆர்டர் கொடுத்தது என் தவறு. வெள்ளக் காலம்தான் காவலர்களுக்கு மிகவும் சிரமமான காலம். காசிரங்காவில் காடு மூழ்கியதும் விலங்குகள் நெடுஞ்சாலையைக் கடந்து கார்பி மலைப் பக்கம் ஏறும். காவலர்கள் படகில் சுற்ற வேண்டும். கொம்புக்கு அலைபவனும் அப்போதுதான் கண்வைப்பான். சாலையில் லாரிகள் வேறு. அக்டோபரில் ஹால்திபாரியில் ஒரு காண்டாமிருகம் லாரியில் மோதி விழுந்து எழுந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டது.

செப்டம்பர் 22 உலகக் காண்டாமிருக நாளுக்கு டி-ஷர்ட் அடித்து ஊர்வலம் போகலாம் என்று செயற்குழுவில் சிலர் வற்புறுத்தினார்கள். அந்தச் செலவில் இன்னும் சில வனக் காவல் முகாம்களுக்கு டார்ச் வாங்கலாம் என்று நான் மறுத்தேன். கொஞ்சம் காரமாகப் பேசிவிட்டேன், மன்னிக்கவும். கருத்து மட்டும் மாறவில்லை. காவலில் நிற்பவர்களில் பலர் தற்காலிகப் பணியாளர்கள். ஒரு காண்டாமிருகமும் வேட்டையாடப்படாத அந்தப் பூஜ்யத்துக்காக இரவெல்லாம் கண்விழித்தவர்கள் அவர்கள்.

துப்பாக்கிச் சூடு நடத்தும் வனக் காவலர்களுக்கு வழக்குகளிலிருந்து 2010-இல் மாநில அரசு தந்த சட்டப் பாதுகாப்பு பற்றி இளைய உறுப்பினர் ஒருவர் கேள்வி எழுப்பினார். காட்டை ஒட்டி வாழும் கிராமத்தாரின் அச்சத்தையும் நாம் கேட்க வேண்டும் என்றார். இரண்டு கூட்டம் பேசியும் ஒருமித்த கருத்து வரவில்லை. அதை இங்கே அப்படியே பதிவு செய்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு கம்பூட்சும் டார்ச்சும் வாங்குவதாக உத்தேசம். ஆர்டரை இந்த மாதமே, வேறு கடையில், கொடுத்துவிடலாம். கால் அளவு எழுதிய தாளை இரண்டு முகாம்களிலிருந்து வாங்கி வந்துவிட்டேன். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் சாப்பாட்டுக்கு முன் பொருளாளரைப் பார்த்துவிடுங்கள். அப்புறம் அவரைப் பிடிக்க முடியாது.

செயலாளர்