நான்கு மணிக்கு நான் விழித்திருந்தேன்

அக்கா,

நாளையோடு அப்பா போய் ஒரு வருடம். நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அவர் போனபின் தூக்கமே வரவில்லை. அதனால் படுக்கும் முன் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அன்றைக்கு நடந்த நல்லவை மூன்று, ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்று பக்கத்திலேயே ஒரு வரி. உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்துப் பார்த்த பயிற்சி இது. ஒரே வாரம் செய்தவர்களுக்குக்கூட அதன் பலன் ஆறு மாதம் வரை தெரிந்ததாம். எனக்கும் உதவியது. போன வாரம் முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தேன். மழை இருக்கிறது. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்த பையன் இருக்கிறான். நீ ஒரு பக்கத்தில்கூட இல்லை.

அதே ஆய்வில் இன்னொரு பயிற்சியும் உண்டு. சரியாக நன்றி சொல்லாமல் விட்ட ஒருவருக்குக் கடிதம் எழுதி, அதை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதை மட்டும் வருடம் முழுக்கத் தள்ளிப்போட்டேன். காரணம் அந்த ராத்திரி.

"இன்றைக்கு நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு" என்று வீறாப்பாகச் சொன்னேன். அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்க வைத்திருந்த இரண்டு மணி அலாரத்தை நிறுத்திவிட்டுத் தூங்கிப்போனேன். கண் திறந்தபோது மணி நான்கு. நீ கட்டிலில் ஒரு முழங்காலை ஊன்றி, அப்பாவின் தோளுக்கு அடியில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையும் கொடுத்து, இழுக்காமல் உன் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தாய். எலும்போடு எலும்பு உரசாதபடி முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்தாய். விரிப்பின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாய். பிறகு சுவரில் ஒட்டியிருந்த தாளில் '4, வலது' என்று எழுதினாய். அதற்கு மேலே '2, இடது' என்பதும் உன் கையெழுத்தில்தான் இருந்தது. போகிற போக்கில் என் காலில் போர்வையை இழுத்துவிட்டாய். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

காலையில், "அப்பா நன்றாகத் தூங்கினார்" என்றேன். "ஆமாம்" என்றாய்.

மன்னித்துக்கொள். பத்து மணி நேரம் பயணம் செய்து வந்திருந்தேன், உடம்பு கேட்கவில்லை. ஆனால் நீயும் எழுப்பியிருக்கலாம் அக்கா. யாரையும் எதையும் தொட விடமாட்டாய், அப்புறம் 'பார்த்துவிட்டுப் போகிறவர்கள்' என்பாய். அதை யார் யார் முன்னால் சொன்னாய் என்று இங்கே எழுதப்போவதில்லை. அதற்கு முன் நமக்குள் நடந்ததும் நம்மோடு இருக்கட்டும். அந்த வார்த்தை இன்றும் வலிக்கிறது, அவ்வளவுதான்.

எல்லோரும் கூடியிருந்த அன்று மைக்கைப் பிடித்து டாக்டர், நர்ஸ், பக்கத்து வீட்டார் என்று பெயர் பெயராகச் சொல்லி நன்றி சொன்னேன். உன்னைச் சொல்லவில்லை. கூடப் பிறந்தவளுக்கு நன்றி சொன்னால் வேற்றாளாக்கியது போல இருக்குமே என்று நினைத்தேன். பாதி உண்மை அது. மீதிப் பாதி, உன் பெயரை எடுத்தால் அந்தத் தாளையும் பேச வேண்டியிருக்கும். விட்டது நாலு பேர் முன்னால், அதனால்தான் இதையும் நாலு பேர் பார்க்க எழுதுகிறேன்.

பழந்தமிழில் நன்றி என்றால் செய்த நல்லதுதான். அதை 'அறிதல்' என்றுதான் பேச்சு. நீ செய்ததை அந்த நான்கு மணிக்கே அறிந்துவிட்டேன் அக்கா. அறிந்துதான் கண்ணை மூடினேன்.

நேற்று நோட்டில் எழுதிவிட்டேன்: 'இரண்டு மணிக்கு அக்கா என்னை எழுப்பவில்லை.' ஏன் என்கிற வரி மட்டும் காலியாக இருக்கிறது. களைத்து வந்தவன் என்று இரக்கப்பட்டாயா, இவனால் ஆகாது என்று நினைத்தாயா?

நாளை வரும்போது நோட்டைக் கொண்டு வருகிறேன். அந்த வரியை நீயே எழுது.

தம்பி